விழுங்கிய மாப்பிள்ளை

வியாழக்கிழமை உள்ளே போன தங்கம் ஞாயிற்றுக்கிழமை காலைவரை வெளியே வரவில்லை. மாரிகுப்பத்தில் அன்றைக்கு வேறு செய்தி இல்லை. குழாயடியிலும், கோயில் வாசலிலும், சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜ் கூண்டுக்குக் காத்து நிற்கிற வரிசையிலும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் "வந்துச்சா?" என்றுதான் கேட்டார்கள். அதற்கு முந்தின வாரம் வரைக்கும் அது மழையைப் பற்றியும் பௌரிங்பேட்டை ரயிலைப் பற்றியும் கேட்கிற கேள்வியாக இருந்தது.

பதில் சொல்ல வேண்டிய ஆள் தசரதன். தங்கச் சுரங்க ஆஸ்பத்திரியின் வார்டு ஆள். கட்டு மாற்றும்போது காலைப் பிடித்துக்கொள்வது, ஸ்ட்ரெச்சர் தூக்குவது, சட்டி கழுவுவது எல்லாம் அவன் வேலை. இப்போது அவனுக்கென்று ஒரே ஒரு நோயாளி, ஒரே ஒரு எனாமல் சட்டி. பின்கட்டு அறையில் படுத்திருக்கும் துரைக்கு வேளை தவறாமல் விளக்கெண்ணெய் கொடுத்து, சட்டியில் விழுவதைக் குச்சியால் கிளறிப் பார்க்க வேண்டும்.

துரை, தங்கக் கல்லை இடித்துத் தூளாக்குகிற மில்லில் வேலை செய்பவன். நாளைக் காலை மாரியம்மன் கோயிலில் அவனுக்குக் கல்யாணம். பெண், தசரதனின் தங்கை ஜெயம்மா.

"பொண்ணு வூட்டு சீர்ல வெளக்கெண்ணெய் குடுத்த மொத மச்சான் நான்தான், மாப்ள" என்றான் தசரதன், கரண்டியை நீட்டிக்கொண்டே.

துரை கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான். உள்ளே குடல் மட்டும்தான் பாக்கி, அதுவும் இந்தத் தடவை வந்துவிடும் போலிருக்கிறது என்று முனகினான்.

தசரதன் சிரித்துக்கொண்டே ஜன்னலில் வெயில் ஏறுவதைப் பார்த்தான். தங்கம் வந்தால் துரை கையும் களவுமாக மாட்டியவன். வராவிட்டாலும், சந்தேகக் கேஸ் என்று மத்தியான ரயிலில் பௌரிங்பேட்டை ஜெயிலுக்கு அனுப்பிவிடப் போவதாகச் சுரங்கச் சூப்பரின்டெண்ட் சொல்லிவிட்டார். இவன் விழுங்கவே இல்லை என்று யாராவது ரயிலுக்கு முன்னால் நிரூபித்தால்தான் உண்டு. குடியாத்தத்திலிருந்து உறவுக்காரர்கள் அண்டா குண்டாவோடு வந்து, தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டில் இறங்கியிருந்தார்கள். அப்பாவை சாஃப்ட் என்கிற சுரங்கக் குழி கொண்டுபோயிற்று, அம்மாவைப் பிளேக் கொண்டுபோயிற்று. மிஞ்சினது அவனும் ஜெயம்மாவும்தான். மணவறைக்கு வராமல் ஜெயிலுக்குப் போனவனுக்கு நிச்சயித்த பெண் என்று பெயர் வாங்கிவிட்டால், அப்புறம் அவளை யார் கேட்டு வருவார்கள்?

அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் சார்ஜென்ட் கிளாரன்ஸ். மில் வாசலில் இருக்கும் சோதனை அறைக்கு அவர்தான் அதிகாரி. துரையின் மேல் பழி சொன்னவரும் அவரே. மச்சான் காவலில் மாப்பிள்ளையை விடுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அதனால் சர்ச்சுக்குக்கூடப் போகாமல் காவலுக்குக் காவல் இருந்தார்.

நர்ஸ் ஐடா வந்தது அப்போதுதான்.

மாரிகுப்பத்தில் எது காணாமல் போனாலும் போலீசுக்கு முன்னால் ஐடாவிடம் சொல்லிவிடுவது வழக்கமாகியிருந்தது. ஒருமுறை திருடுபோன கோழியை, பல்வலி என்று வந்தவனின் கடைவாய்ப்பல் இடுக்கிலிருந்து அவர் கண்டுபிடித்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் படித்தவர். மனித உடம்பு பொய் சொல்லாது, அதன் சொந்தக்காரன்தான் சொல்வான் என்பது அவருடைய கட்சி. அவர் துப்புத் துலக்கும்போதெல்லாம் தசரதன் கூடவே ஓடுவான். பாதி உதவி செய்வான், பாதி வாயாடுவான்.

ஐடா துரையின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு கிளாரன்ஸின் பக்கம் திரும்பி, வியாழக்கிழமை பார்த்ததை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

கிளாரன்ஸ் சந்தோஷமாகவே சொன்னார். ஷிஃப்ட் முடிந்ததும் மில் ஆட்கள் துணியை இந்தப் பக்கம் அவிழ்த்துப் போட்டுவிட்டு, கோவணத்தோடு அறையைக் கடந்து, குறுக்குக் கட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். கையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வாயில் அடக்கிக் கொண்டுபோகாமல் இருக்க, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் வாயைத் திறந்து சத்தம் போட்டுக்கொண்டே போக வேண்டும். வெறுமனே கத்துவானேன் என்று ஆட்கள் அதைப் பாட்டாக்கிவிட்டார்கள். வேதக்காரர்கள் ஞானப்பாட்டு பாடுவார்கள், மற்றவர்கள் தெருக்கூத்துப் பாட்டு. துரையின் கூத்துப் பாட்டைக் கேட்க வெளியே சிலர் நிற்பதும் உண்டு. அன்றைக்கு மில்லில் பாதரசத்தைச் சுட்டுப் போக்கின பிறகு மிஞ்சிய தங்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குக் குறைந்தது. துரை கட்டையைத் தாண்டும்போது தொண்டை மேடு குபுக்கென்று மேலே ஏறி இறங்கினதைக் கிளாரன்ஸ் தம் கண்ணால் பார்த்தார்.

"எலுமிச்சம்பழத்த முழுசாவா?" என்றான் தசரதன்.

பிய்த்துப் பிய்த்து விழுங்கியிருப்பான் என்றார் கிளாரன்ஸ். சுட்ட தங்கம் தேனடை மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கும், விரலாலேயே பிய்க்கலாம். கடைசித் துண்டைத்தான் அவர் பார்த்தார்.

"அப்ப பாட்டு நின்னுச்சா, சார்ஜென்ட்?" என்று கேட்டார் ஐடா.

"எங்க நின்னுது? அதான் அவன் கெட்டிக்காரத்தனம். பாடிக்கினே முழுங்கினான். நான் காது குடுத்துக்கினு நிக்கறேன், ஒரு நொடி விடல."

ஐடா தலையை ஆட்டிக்கொண்டார். தசரதனைக் கூப்பிட்டு, சார்ஜென்டுக்கு ஒரு காப்பி கொண்டுவரச் சொன்னார். காலையிலிருந்து நாற்காலியிலேயே இருந்த கிளாரன்ஸுக்கு அது நியாயமாகவே பட்டது. டம்ளரை வாங்கி ஒரு வாய் குடிக்கப் போனவரை ஐடா கையமர்த்தினார்.

"வாயில வச்சிக்குங்க. உதட்ட மூடிக்கினு ஒரு பாட்ட முணுமுணுங்க. முணுமுணுத்துக்கினே முழுங்குங்க. பாட்டு நிக்கக் கூடாது."

கிளாரன்ஸுக்கு இதில் ஏதோ சதி இருப்பதாகத் தோன்றியது. ஆனால் நர்ஸம்மா மரியாதையாகத்தான் கேட்டார். அவர் தமக்குப் பிடித்த இங்கிலீஷ் பாட்டு ஒன்றை மூக்கால் இழுத்தார். நன்றாகத்தான் போயிற்று. விழுங்கப் போன இடத்தில் பாட்டு கத்தரித்தாற்போல் நின்றது. காப்பி இறங்கியது. பிறகுதான் பாட்டு மறுபடி கிளம்பிற்று. இன்னொரு தடவை, விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பாட்டைப் பிடிவாதமாக இழுத்துக்கொண்டே விழுங்கினார். இந்த முறை காப்பி மூக்கு வழியாக வந்து மீசையில் தங்கியது.

"வந்துச்சா?" என்று தசரதன் துண்டை நீட்டினான்.

ஐடா எல்லோரையும் அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கட்டுப்போடும் அந்த அறையின் சுவரில் ஒரு மனிதப் படம் தொங்கியது. ஒரு பாதியில் தோல் இருந்தது, மறு பாதியில் தசையும் நரம்பும் எலும்பும் குடலுமாகத் திறந்து கிடந்தது. தசரதன் அவனுக்கு முனுசாமி என்று பெயர் வைத்திருந்தான். ஐடா முனுசாமியின் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். கழுத்தில் இரண்டு குழாய் இருக்கிறது. முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். இரண்டுக்கும் மேல்வாசல் ஒன்றுதான். விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறுகிறது, குருத்தெலும்பாலான ஒரு மூடி அதன்மேல் சாய்ந்து மூச்சின் வழியை அடைக்கிறது. அந்தக் கணத்தில் மூச்சு இல்லை. மூச்சு இல்லாவிட்டால் குரலும் இல்லை. நிற்காமல் பாடினவன் விழுங்கியிருக்க முடியாது.

"அப்ப சாஃப்ட் ரெண்டு, வாய்க்கதவு ஒண்ணு" என்றான் தசரதன். "ஒரு நேரத்துல ஒரு கேஜுதான் போவும்."

கிளாரன்ஸ் விடவில்லை. தொண்டை ஏறினதைப் பார்த்தேனே, அது பொய்யா என்று கேட்டார். பொய் இல்லை என்றார் ஐடா. துரையைக் கூப்பிட்டு, அன்றைக்குப் பாடின வரியைப் பாடச் சொன்னார். துரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆனாலும் உச்சத்தில் குரல் போய் நின்றபோது அறை கொஞ்சம் நிமிர்ந்தது. தொண்டை மேடு குபுக்கென்று ஏறிற்று, இறங்கிற்று. மேல் சுருதிக்குப் போகிறபோதும் குரல்வளை மேலேதான் ஏறும் என்றார் ஐடா.

கிளாரன்ஸ் தம் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு கீழிருந்து மேலே ஈ என்று இழுத்துப் பார்த்தார். தசரதனும் இழுத்தான். மருந்துக்கு வந்த ஒரு கிழவி இரண்டு பேரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கீச்சென்று கத்துவதைப் பார்த்து, ஊரில் புது நோய் வந்துவிட்டதென்று திரும்பிப் போய்விட்டாள்.

கடைசியில் கிளாரன்ஸ் தொப்பியை எடுத்தார். தப்பு நடந்துவிட்டது, சூப்பரின்டெண்டிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றார். நல்ல மனுஷர்தான். தசரதனுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், சட்டி" என்றான்.

தசரதன் அவனைத் திரைச்சீலைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், முடியும்வரை நின்றான். வழக்கம்போல் மூக்கைச் சுளித்துக்கொண்டு குச்சியை விட்டான். குச்சி எதிலோ இடித்தது. ஒரு மொச்சைக்கொட்டை அளவு. கழுவினான். சுரங்க ஊரில் பிறந்த யாருக்கும் அந்த மஞ்சளை இன்னொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதை அப்படியே சாக்கடையில் போட்டுவிட்டால் ஜெயம்மாவுக்கு நாளைக் கல்யாணம். அவன் கை மூடியது. அவ்வளவு நேரம் வாயாடிக்கொண்டிருந்தவன் சத்தமில்லாமல் நிற்பதே போதுமாயிருந்தது. கிளாரன்ஸ் திரையை விலக்கினார். தொப்பியைக் கழற்றி மறுபடி நாற்காலியின் மேல் வைத்தார்.

மிச்சமும் வரும், வராவிட்டாலும் இதுவே போதும் என்றார். குரலில் கோபம்கூட இல்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்பதுபோல் வாசலைப் பார்த்தார்.

துரை அழுதான். விழுங்கவில்லை என்று அம்மன் மேல் சத்தியம் செய்தான். விழுங்காதது எப்படி வெளியே வரும் என்று கேட்டதற்கும் மறுபடி சத்தியம்தான் செய்தான். தசரதன் பின்பக்க ஜன்னலுக்குப் போனான். அங்கே கம்பிக்கு வெளியே ஜெயம்மா, மஞ்சள் பூசின முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நலங்கு வைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள்.

"வந்துச்சாண்ணா?"

"வந்துச்சி."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவரு முழுங்கல. வெள்ளிக்கிழம இந்த ஜன்னல்லயே கேட்டேன், இல்லைன்னாரு. பசிக்குதுன்னு சொல்லி நான் குடுத்த கொய்யாப்பழத்த கொட்டயோட மென்னு தின்னாரு. தங்கத்த வச்சிக்கினு கீற வயிறு அப்டி பசிக்குமா?"

தசரதன் வாயைத் திறப்பதற்குள் ஐடா பக்கத்தில் வந்து நின்றார். "கொய்யாப்பழமா? வெள்ளிக்கிழமையா?"

பத்தியத்தில் இருக்கிறவனுக்குத் திருட்டுத்தனமாகக் கொய்யாப்பழம் கொடுத்ததற்குத் திட்டு விழும் என்று ஜெயம்மா தலையைக் குனிந்தாள். ஐடா திட்டவில்லை. தசரதனைப் பார்த்து, சட்டியில் கொய்யா விதை பார்த்தாயா என்று கேட்டார்.

"நேத்து காலைல பூரா அதான், நர்ஸம்மா. ஒரு தோட்டமே போடலாம். குச்சிக்கு ஒவ்வொண்ணும் தங்கம் மாதிரியே தட்டுப்பட்டு என் உசிர வாங்கிச்சி. மத்தியானத்துக்கு மேல ஒரு வெத கூட இல்ல, வெறும் எண்ணெதான்."

ஐடா மறுபடி முனுசாமியின் முன்னால் போய் நின்றார். வாயில் வைத்த விரலைத் தொண்டை வழியாக இரைப்பைக்குக் கொண்டுவந்து, சிறுகுடலின் மடிப்புகளில் வளைத்து வளைத்து ஓட்டி, பெருங்குடலைச் சுற்றிக்கொண்டு கீழே கொண்டுவந்தார்.

"வழி இது ஒண்ணுதான். முன்னால போனது முன்னால வரும். வியாழக்கிழமை போன தங்கம் உள்ள இருக்கும்போது, வெள்ளிக்கிழமை போன விதை எப்படி அதைத் தாண்டி வந்துச்சு?"

"கேஜுன்னா கடைசியா ஏறினவன் மொதல்ல எறங்குவான்" என்றான் தசரதன், அவனையறியாமல்.

"இது கேஜ் இல்ல தசரதா. வரிசை."

கிளாரன்ஸ் யோசித்துவிட்டு, தங்கம் கனம், விதை லேசு, கனமானது பின்தங்கும் என்றார். கேள்வி நல்ல கேள்விதான் என்று ஐடா ஒப்புக்கொண்டார். சும்மா விட்டிருந்தால் பின்தங்கலாம். ஆனால் குடல், தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் இல்லை. சுவர் முழுக்கத் தசை. பின்னால் சுருங்கி முன்னால் விரிந்து, அலை அலையாகப் பிழிந்து தள்ளுகிறது. அதற்கு விளக்கெண்ணெயால் வேளைக்கு வேளை சாட்டையடி வேறு. மடிப்புக்கு மடிப்பு ஒளிந்துகொள்கிற கொய்யா விதையே ஒன்று மிச்சமில்லாமல் வெளியேறிவிட்டது. எலுமிச்சம்பழம் அளவு தங்கம் மட்டும் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தது?

"அப்ப விதைக்குப் பின்னாலதான் இது உள்ள போயிருக்கு" என்றார் ஐடா. "நேத்து மத்தியானத்துக்கு மேல இவன் என்ன சாப்பிட்டான்?"

வடித்த கஞ்சித் தண்ணீர் என்றான் துரை. அதை ஐடாவே துணியில் வடிகட்டிக் கொடுத்தார். வேறு ஒன்றும் இல்லை. பிறகு ஞாபகம் வந்தவனாக, சாயங்காலம் ஏனோக் மேஸ்திரி வாழைப்பழம் கொண்டுவந்தார் என்றான்.

அதைத் தசரதனும் பார்த்தான். பார்த்துக் கண்கலங்கவும் செய்தான். ஏனோக் மில்லில் துரைக்கு மேஸ்திரி. சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையதுதான், மணி அடித்தாற்போல் இருக்கும். பாவம், ஒரு வாரமாகக் குரல் போய்விட்டது. காற்றுதான் வருகிறது. தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து கழுத்தில் சூடாக ஆளிவிதைப் பத்து போட்டுக் கட்டிக்கொண்டு போனார்; வெள்ளிக்கிழமையிலிருந்து, பிரித்தால் வலிக்கிறதென்று, கட்டின் மேலேயே சூடான பத்தால் ஒத்தடம் வாங்கிக்கொண்டு போகிறார். அப்படிப்பட்டவர் நேற்று வந்து, பழத்தைத் தோலுரித்து, விரலால் மசித்து, துரைக்குத் தம் கையால் ஊட்டினார். வயிறு பலவீனமாக இருக்கிறது, மெல்லாதே, அப்படியே விழுங்கு என்று காதோடு காதாகச் சொன்னார்.

"எங்கம்மா செத்தப்பறம் யாரும் எனக்கு அப்டி ஊட்டினதில்ல" என்றான் துரை.

 கிளாரன்ஸ் தொண்டையைக் கனைத்தார். ஏனோக்கின் மேல் அவ்வளவு சுலபமாகப் பழி போட முடியாது என்றார். வியாழக்கிழமை அவரையும் சோதித்தாகிவிட்டது. குரல் இல்லாததால் பாட முடியவில்லை, அதனால் கிளாரன்ஸ் அவர் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைப் பிடித்து நாக்குக்கு அடியில்கூடப் பார்த்தார். காலி. கோவணத்தை உதறிக் காட்டினார். காலி. லைன் வீடுகளைச் சோதித்தபோது அவர் வீட்டையும் புரட்டிப் போட்டாகிவிட்டது. பழம் ஊட்டினார் என்பதற்காக ஒரு சர்ச் மூப்பரைத் திருடன் என்று சூப்பரின்டெண்டிடம் போய்ச் சொல்ல முடியுமா?

"முடியாது" என்றார் ஐடா. "இன்னிக்கு ஒத்தடத்துக்கு எப்ப வருவார்?"

ஆராதனை முடிந்ததும் வருவார் என்றான் தசரதன். ரயிலுக்கு முன்னால் வந்துவிடுவார்.

ஐடா அவனைத் தனியே அழைத்துச் சமையலறையிலிருந்து ஒன்று கொண்டுவரச் சொன்னார். அது என்னவென்று தெரிந்ததும் தசரதன் அவர் முகத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தான். நர்ஸம்மா விளையாடவில்லை.

ஏனோக் மேஸ்திரி வந்தார். வெள்ளைக் கோட்டு, கக்கத்தில் வேதப் புத்தகம், கழுத்தில் தாடை வரைக்கும் தடித்த கட்டு, கையில் இரண்டு வாழைப்பழம். கட்டிலில் கிடந்த துரையைப் பார்த்து இரக்கத்தோடு தலையை ஆட்டினார். தங்கம் வந்துவிட்ட செய்தியைக் கிளாரன்ஸ் சொன்னதும் கையைக் குவித்து மேலே பார்த்தார். உதடு அசைந்தது, காற்று வந்தது. கர்த்தர் இவனை மன்னிக்கட்டும் என்பதுபோல் கேட்டது.

ஐடா அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார். பத்து சூடாவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார்.

பத்து சூடாகும் கரி அடுப்பின் பக்கத்தில் தசரதன் குந்தியிருந்தான். மடியிலிருந்து ஒரு கை காய்ந்த மிளகாயை எடுத்துத் தணலில் போட்டான். ஒரு விசிறியால் நாலு வீசு வீசினான். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

முதலில் விழுந்தவர் கிளாரன்ஸ். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினார். துரை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இருமினான். ஐடா முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு இருமினார். ஏனோக் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தார். கண் சிவந்தது, கன்னம் உப்பிற்று, கழுத்துக் கட்டுக்கு மேலே நரம்பு புடைத்தது. பிறகு வெடித்தது. கணீர் கணீரென்று, மில்லில் உலக்கைகள் இறங்குகிற மாதிரி ஒரு இருமல். முன்வார்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

ஐடா ஜன்னலைத் திறந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவதானமாகச் சொன்னார்.

"மேஸ்திரி, குரல்வளைக்குள்ள ரெண்டு மடிப்பு இருக்கு. அது ரெண்டும் ஒட்டினாத்தான் குரல். இருமறதுக்கும் அதேதான், ரெண்டும் இறுக்கி மூடி, பட்டுனு திறக்கணும். நிசமா குரல் போனவங்க இருமினா ஓட்டைத் துருத்தி மாதிரி காத்துதான் வரும். உங்களுக்கு மணி அடிக்குது."

ஏனோக் காற்றால் ஏதோ பதில் சொன்னார். இப்போதுதான் கொஞ்சம் தேவலை என்பதாக இருக்கலாம்.

"தேவலைன்னா நல்லது. அப்ப கட்டு எதுக்கு?" என்றபடி ஐடா கத்தரிக்கோலை எடுத்தார்.

தசரதன் அப்போதுதான் கட்டின் முடிச்சைப் பார்த்தான். அவன் எப்போதும் இடது காதுக்குக் கீழே தட்டையாக ஒரு முடிச்சுப் போடுவான், படுத்தால் உறுத்தாது. இது கயிற்றில் வாளி கட்டுகிற முடிச்சு, வேறு கை போட்டது. ஆஸ்பத்திரிக் கட்டை வெளியே யாரும் பிரிக்கக் கூடாது என்பது டாக்டரின் சட்டம். சோதனை அறையில் பிரித்துப் பிரித்துப் புண் சீழ் வைத்ததால் வந்த சட்டம். அதற்கு சார்ஜென்டும் கட்டுப்பட்டவர்.

கத்தரிக்கோல் துணியைத் தொட்டது.

"கைய எடு."

ஏனோக்கின் குரல். ஒரு வாரமாக சர்ச்சில் எல்லோரும் தேடின அதே அடிக்குரல். சொன்ன பிறகு அவரே தம் வாயைப் பொத்திக்கொண்டார். கிளாரன்ஸ் வந்து அவர் தோளில் கையை வைத்து ஸ்டூலில் அமுக்கினார்.

கட்டு சுற்றுச் சுற்றாகக் கழன்றது. கடைசிச் சுற்றில், காய்ந்துபோன ஆளிவிதை மாவுக்குள்ளிருந்து, எலுமிச்சம்பழம் அளவில் பொத்தல் பொத்தலாக ஒரு கட்டி ஐடாவின் கையில் விழுந்தது. ஓரத்தில் புதிதாகப் பிய்த்த இடம் ஒன்று பளபளத்தது. தசரதன் தன் மொச்சைக்கொட்டையைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தான். பொருந்தியது.

"நாம எல்லாரும் ஒரு தொண்டையையே பாத்துக்கினு இருந்தோம்" என்றான். "அது பக்கத்துத் தொண்டைல கீது."

ஏனோக்கிடம் கேட்டபோது எல்லாம் வந்தது. குரல் போனதாகச் சொன்னால் பாட்டும் வேண்டாம், கழுத்துக்கு ஒரு பெட்டியும் கிடைக்கும் என்று போட்ட கணக்கு. துரை மாட்டிக்கொண்டது அவர் செய்ததில்லை. ஆனால் மாட்டினவன் குற்றவாளி என்று தீர்ந்துவிட்டால் வீடு வீடாகத் தேடுவது நிற்கும், கழுத்துக் கட்டையும் அவிழ்க்கலாம். அதற்கு ஒரு துண்டை மட்டும் இழந்தால் போதும். அதைத்தான் பழத்தில் வைத்து ஊட்டினார்.

"அந்தப் பழம் நல்லா இனிச்சிது மேஸ்திரி" என்று மட்டும் சொன்னான் துரை.

மத்தியான ரயிலில் கிளாரன்ஸ் போனார், கூட ஏனோக் போனார். புறப்படும்போது கிளாரன்ஸ் கட்டிலருகே வந்து நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல் தொப்பியைச் சுழற்றினார். கடைசியில், இனிமேல் சோதனை அறையில் கொஞ்சம் கீழ்ச்சுருதியில் பாடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளைக்கு ஒரு டம்ளர் மோர்க்கஞ்சியைக் கொடுத்துவிட்டு, தசரதன் சட்டியை உற்சாகமாகக் கழுவினான். முனுசாமியின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஐடாவிடம், மூடியும் குழாயும் புத்தகத்தில் இருக்கும் சரி, மேல் சுருதிக்குத் தொண்டை ஏறும் என்பதையும் மிஷன் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டான்.

இல்லை என்றார் ஐடா. துணியை மடித்தார்.

"எங்க வீட்டுக்காரர் கோயில்ல பாடுவார். நான் எப்பவும் பக்கத்து வரிசைல உக்காந்திருப்பேன்."

அந்த வீட்டுக்காரர் சுரங்கத்துக்குள் பாறை வெடித்ததில் போனவர். உடம்பைக்கூட மேலே கொண்டுவர முடியவில்லை. அந்த ஷிஃப்டில் ஸ்ட்ரெச்சரோடு சாஃப்ட் வாசலில் நின்றவர்களில் தசரதனும் ஒருவன். அவன் சட்டியைக் கவிழ்த்து வைத்தான்.

"போ. உன் தங்கச்சி பாதி மஞ்சளோட நிக்கறா" என்றார் ஐடா.

துரையைத் தோளில் தாங்கிக்கொண்டு அவன் லைன் வழியாக நடந்தபோது, குழாயடிப் பெண்கள் குடத்தை விட்டுவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள்.

"வந்துச்சி" என்றான் தசரதன். "முழுசா வந்துச்சி. பாத்துக்குங்க, இதான்" என்று மாப்பிள்ளையின் முதுகில் தட்டினான்.

மறுநாள் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டுகிற நேரத்தில் துரை முடிச்சை ஒரு தடவை நழுவவிட்டான். அது விளக்கெண்ணெய் என்றான் தசரதன். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. அது மிளகாய் என்றான். சாப்பாடு முடிந்ததும் ஆட்கள் துரையை விடவில்லை, பாடினால்தான் ஆயிற்று என்றார்கள். அவன் ஜெயம்மாவைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான். பாட்டு உச்சத்துக்குப் போனபோது, மாரிகுப்பம் மொத்தமும் அவன் தொண்டை மேடு ஏறுகிறதா என்று அதையே பார்த்தது. ஏறியது. எல்லோரும் சிரித்தார்கள்.

பந்தலின் ஓரத்தில் நின்றிருந்த ஐடா பார்க்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.